கோயில்பிள்ளை சார் வீட்டு ஜெபம்

கோயில்பிள்ளை சாருக்கு ஒரு குரு இருக்கிறார் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஊரே அவரைத்தான் குருவாக வைத்திருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். கணக்கு அவருக்குக் கைவந்த கலை. பேங்கிலோ ஆஸ்பத்திரியிலோ அவர் நுழைந்தால், உள்ளே இருக்கிற யாராவது ஒருவர் கட்டாயம் எழுந்து நிற்பார். அவரிடம் படித்தவராக இருப்பார்.

அப்படிப்பட்டவருக்குக் குரு யார் என்றால், கோயில் என்று நாங்கள் சொல்லும் சர்ச்சின் உபதேசியார் தவசிமுத்து. சபைப் போதகரான ஐயர் வராத நாட்களில் ஆராதனை நடத்துவது, மணி அடிப்பது, நோயாளி வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது, இதெல்லாம் உபதேசியார் வேலை. சாரைவிட மிகவும் இளையவர். அதுகூடப் பரவாயில்லை. சாரிடமே பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்து, தட்டுத்தடுமாறிக் கரையேறியவர்.

சாருடைய அம்மா இறந்த அன்று, வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு ஆறுதல் சொன்னார்கள். தவசிமுத்து ஒன்றும் சொல்லவில்லை. சாருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவர், சவப்பெட்டியைத் தூக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மனதில் எது உறுத்தினாலும் சாருக்குக் கால்கள் கோயில் பக்கம் போய்விடும். "ஏல முத்து" என்று கூப்பிட்ட வாய், "நீரு", "உமக்கு" என்று பேசப் பழகிக்கொண்டது. கோபம் வந்தால் மட்டும் பழைய "ஏல" எட்டிப் பார்க்கும்.

சார் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் நடக்கும். மழையோ காய்ச்சலோ, அது நின்றதில்லை. ஒரு பாட்டு, பிறகு எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள, சார் ஜெபிப்பார்.

அந்த ஜெபத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சார் யாரையும் வீட்டில் திட்டியது கிடையாது. குரலை உயர்த்தியதே இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லிவிடுவார். "அன்பின் பிதாவே, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுப் போனில் நேரம் போக்குகிற பழக்கத்திலிருந்து எங்களை விடுவியும்" என்று ஒரு நாள் ஜெபித்தார். வீட்டில் குழம்பு வைக்கிறவர் ஒருவர்தான். போன் பேசுவது தன் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பது ரூபவதி அக்காவுக்கு அப்படித்தான் தெரிய வந்தது. கண்ணை மூடியிருக்கும்போது எதிர்ப்பேச்சுப் பேச முடியாது. "ஆமென்" மட்டும்தான் சொல்லலாம். அக்காவும் சொல்லிவிட்டு, தட்டுகளைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்.

இவர்களுக்கு ஒரே மகன், எபனேசர். எபி என்று கூப்பிடுவார்கள். என்ஜினியரிங் முடித்தவன்.

ஈஸ்டர் அன்று ஒரு காரியம் நடந்தது. திருவிருந்து வேளையில், அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லாரும் வரிசையாக முன்னால் போய் முழங்கால் போடுவார்கள். எபியின் வரிசை எழுந்தது. எபியும் எழுந்தான். எழுந்தவன் முன்னால் போகாமல் பின்னால் திரும்பி, கோயிலைவிட்டு வெளியே போய்விட்டான். சபை முழுக்கப் பார்த்தது. தலைமையாசிரியர் மகன், சபையின் மூத்த அங்கத்தினர் மகன், திருவிருந்தைத் தள்ளிவிட்டுப் போகிறான்.

அன்று சாயங்காலம் சார் ஜெபித்தார். "ஆண்டவரே, என் மகன் உம்முடைய பந்தியைவிட்டு ஏன் எழுந்து போனான்? எந்தப் பாவம் அவனைத் தடுத்தது? அடியேனுக்கு வெளிப்படுத்தும்."

மறுநாளும் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். எபி ஒரு கை தூரத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான்.

சில வாரங்கள் உட்கார்ந்து பார்த்தான். பிறகு வாசற்படியில் நின்றான். பிறகு ஜெபம் முடிந்த பிறகே வீட்டுக்கு வர ஆரம்பித்தான். அப்பாவும் மகனும் பேசுவது நின்றுபோனது. ஆவணி பிறந்தபோது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருப்பதை அம்மாவிடம் சொன்னான். கூடவே, "இனிமே பண்டிகைக்கெல்லாம் என்ன எதிர்பாக்காதீங்கம்மா" என்றான்.

ரூபவதி அக்கா அதை அப்படியே சாரிடம் சொல்லிவிட்டு அழுதார்.

சார் செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். உபதேசியார் மணிக்கயிற்றில் பிரிந்துபோன புரிகளை முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, என் மகன் என் கைய விட்டுப் போறான் வே."

"வேலைக்குத்தானே சார் போறான்?"

"வேலைக்குப் போனா சந்தோஷப்பட மாட்டேனா? ஒரேயடியாப் போறான். என் முகத்தப் பாத்துப் பேச மாட்டேங்கான். ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் என்ட்ட வந்து பேசுது. இவன் பேச மாட்டேங்கான். நான் எங்க தப்புப் பண்ணுனேன்?"

உபதேசியார் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"ஈஸ்டர் அன்னைக்கு ஏன் எந்திரிச்சுப் போனான்னு தெரிஞ்சாப் போதும்" என்றார் சார். "அது தெரியாம என் மனசு ஆற மாட்டேங்கு. ஜெபிக்காத நாளில்ல. பதிலே இல்ல. நான் என்ன செய்யணும்?"

"இன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்டு ஜெபத்துக்கு நான் வரலாமா சார்?"

"அதுக்கென்ன, வாரும். ஆனா நான் கேட்டதுக்கு..."

"வாறேன் சார்."

அவ்வளவுதான் பேச்சு. சார் பாதி ஆறுதலோடும் பாதி எரிச்சலோடும் வீடு திரும்பினார்.

அன்று சாயங்காலம் உபதேசியார் வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எபி இல்லை. பாட்டு முடிந்தது. சார் கண்ணை மூடி ஆரம்பித்தார். பள்ளிக்கூடம், சபை, நோயாளிகள், நாடு என்று வரிசையாகப் போய், வழக்கமான இடத்துக்கு வந்தார்.

"ஆண்டவரே, என் மகன் உம்முடைய பந்தியைவிட்டு ஏன் எழுந்து போனான்..."

மகன் வந்துவிட்டானா என்று வாசலைப் பார்க்க, சார் ஒரு கண்ணை லேசாகத் திறந்தார். ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாதுதான். பெற்ற மனம் கேட்குமா? வாசலில் யாரும் இல்லை. ஆனால் பாயில் உட்கார்ந்திருந்த உபதேசியார் வலது கையை நேராக மேலே தூக்கி வைத்திருந்தார்.

சார் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் குழறியது. நாட்டுக்காக இரண்டாம் தடவை ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது கை கீழே இறங்கியிருந்தது.

"உபதேசியாரே, தோள்பட்டை வலியா?"

"இல்லையே சார்."

"கைய... தூக்குனாப்ல இருந்துது."

"ஆமா சார். தூக்கினேன்."

"எதுக்கு?"

"நாளைக்கும் வாறேன் சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சாருக்கு ஒன்றும் புரியவில்லை. பெந்தெகொஸ்து சபைக்காரர்கள்தான் ஜெபத்தில் கையைத் தூக்குவார்கள். ஆனால் அவர்கள் இரண்டு கையையும் தூக்குவார்கள், சத்தமும் போடுவார்கள். நம்முடைய உபதேசியார் அந்தப் பக்கம் போய்விட்டாரோ? ஐயருக்குத் தெரிந்தால் வேலைக்கே வம்பாகிவிடுமே. தன் கவலையோடு சேர்த்து இப்போது தவசிமுத்துவின் கவலையும் சார் தலையில் ஏறிக்கொண்டது.

"ஒருவேளை சுவத்துல பல்லியக் காட்டினாரோ?" என்றார் ரூபவதி அக்கா. அவரும் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் சாருக்குத் தெரிந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சார் ஒரு கணக்கைக் கரும்பலகையில் பாதி போட்டுவிட்டு அப்படியே நின்றார். பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அன்று அந்தக் கணக்கு முடியவே இல்லை.

இரண்டாம் நாளும் உபதேசியார் வந்தார். சார் உஷாராக இருந்தார். நாடு, சபை எல்லாவற்றையும் சுருக்கிவிட்டு, நேரே மகனிடம் வந்தார். "ஏன் எழுந்து போனான்" என்ற வார்த்தை வாயைவிட்டு வந்ததும் கண்ணைத் திறந்தார். கை மேலே இருந்தது. உபதேசியாரின் கண்கள் மூடியிருந்தன. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"ஆண்டவரே, உம்முடைய ஊழியக்காரரை நினைத்தருளும். ஒருவர் துக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு வந்து விளங்காத காரியங்களைச் செய்யாதபடிக்கு, அவருக்குத் தெளிந்த புத்தியைத் தாரும்."

"ஆமென்" என்றார் உபதேசியார் பக்தியாக. கையை இறக்கவில்லை.

ஜெபம் முடிந்ததும் சார் அவரை வாசலில் மறித்தார். "ஏல முத்து, என்ன விளையாடுதியா?"

"இல்ல சார்."

"நான் உன்ட்ட ஒரு கேள்வி கேட்டேன். என் மகன் என்னவிட்டுப் போறான், நான் என்ன செய்யணும்னு கேட்டேன். நீ ரெண்டு நாளா வந்து கையத் தூக்கிட்டுப் போற. இதுக்கு என்ன அர்த்தம்?"

"நாளைக்கும் வாறேன் சார்."

"நாளைக்கழிச்சு அவன் பஸ் ஏறிருவான்!"

"தெரியும் சார்."

உள்ளே போன சார் சாப்பிடவில்லை. பெரிய குழப்பமாக இருந்தது. இந்த ஆளைப் போய்க் குருவென்று நினைத்தோமே, கணக்கில் வாங்கின மார்க்கை வைத்தே ஆளை எடைபோட்டிருக்க வேண்டாமா என்றுகூட நினைத்தார். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எபி வந்தான். அம்மா தோசை ஊற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கப்பா அவரையும் ஜெபத்துல போட்டுத் தாக்குதாரு. அவரு கொடிக்கம்பம் மாதிரிக் கையத் தூக்கிட்டு இருக்காரு. நான் எங்கன போய் சிரிக்க?"

எபியும் சிரித்தான். பிறகு தோசையைப் பிய்த்தபடி, "எப்பம்மா தூக்குதாரு?" என்று கேட்டான்.

"உன் பேச்சு வரும்போதுதான்."

எபி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பெட்டியில் துணி அடுக்கினான்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. உபதேசியார் வந்து உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தபோது எபி வாசற்படி ஏறி உள்ளே வந்தான். அம்மாவின் பாட்டு ஒரு நொடி நின்றுபோனது. அவன் யாரையும் பார்க்காமல் உபதேசியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எவ்வளவு நாள் கழித்து மகன் இந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறான்! இன்று எதையும் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது, வேறெதையாவது ஜெபித்துவிட்டு முடித்துவிட வேண்டும் என்று உறுதியாக நினைத்துத்தான் கண்ணை மூடினார். ஆனால் இத்தனை மாதப் பழக்கம். நாக்கு தன்பாட்டில் அந்த இடத்துக்குப் போய் நின்றது.

"ஆண்டவரே, என் மகன் ஏன் எழுந்து போனான் என்று..."

பாதியிலேயே நிறுத்தினார். கண்ணைத் திறந்தார்.

இரண்டு கைகள் மேலே இருந்தன. ஒன்று உபதேசியாருடையது. இன்னொன்று எபியுடையது. எபியின் கண்கள் திறந்திருந்தன. அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்பில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். யோசிப்பதற்குள் வார்த்தை வந்துவிட்டது.

"ம், சொல்லு. என்ன சந்தேகம்?"

ஜெபத்தின் நடுவில் அப்படியொரு வார்த்தை வந்ததும் ரூபவதி அக்காவும் கண்ணைத் திறந்துவிட்டார். எபி கையை இறக்கினான். உபதேசியாரும் இறக்கினார்.

"நான் ஏன் வெளிய போனேன்னு தெனமும் ஆண்டவர்ட்ட கேட்டீங்களேப்பா. அவரு சொல்லிட்டாரா?"

சார் விழித்தார். "இல்ல" என்றார்.

"நான் சொல்லட்டுமா?"

சார் மகன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் காலைல பி.எட். படிக்கச் சொன்னீங்க. நம்ம ஸ்கூல்லயே வாத்தியாராச் சேந்துரணும்னு சொன்னீங்க. நான் மாட்டேன்னேன். ஊருக்கெல்லாம் வாத்தியாரா இருக்கீங்க, எனக்கும் வாத்தியாராத்தான் இருக்கீங்கன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

சார் யோசித்துப் பார்த்தார். ஏதோ ஒரு சின்னப் பேச்சு. மகன் ஏதோ சொன்னான், வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான் நினைவில் இருந்தது.

"சொன்ன பிறகு எனக்கு மனசே சரியில்ல" என்றான் எபி. "சின்ன வயசுலருந்து நீங்கதான சொல்லித் தந்தீங்க? யாரயாவது மனசு நோகப் பேசியிருந்தா, அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திருவிருந்து எடுக்கணும்னு. என் வரிச வந்ததும் எந்திரிச்சேன். உங்ககிட்ட கேக்காம எப்படிப் போய் முழங்கால் போட? நீங்க முன்னால உக்காந்திருந்தீங்க. எல்லாருக்கும் நடுவுல வந்து கூப்பிட முடியாது. அதான் வெளிய போனேன். நீங்க வந்ததும் கேட்டுட்டு, உங்ககூடவே திரும்ப உள்ள போயி ஐயர்ட்ட எடுத்துக்கலாம்னு நினச்சேன். வாசல்லயே நின்னேன்."

அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க வந்தீங்க. என்னப் பாத்தீங்க. பாத்துட்டு, முகத்தத் திருப்பிட்டுப் போயிட்டீங்க."

ரூபவதி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

சார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று வாசலில் மகன் நின்றது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பக்கத்தில் சபையின் பெரியவர்கள் நடந்து வந்தார்கள். அவமானத்தில் அவர் முகம் எரிந்தது. அந்த நேரத்தில் அந்தப் பையன் தன் மகனாக இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்திலும் சொன்னதில்லை.

"பாத்தேம்பா" என்றார். "பாத்துட்டுத்தான் போனேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"தெரியும்பா."

"நீ எதுக்கு நின்னன்னு நான் கேக்கவே இல்ல."

"ஆமாப்பா."

சார் பாயில் நகர்ந்து மகனுக்குப் பக்கத்தில் வந்தார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறர் பிள்ளைகள் என்றால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். மகனின் கையைப் பிடித்தார். "என்ன மன்னிச்சிருடே" என்றார். எபி அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதான். இருபது வயதைத் தாண்டிய ஆம்பளைப் பிள்ளை, வெட்கமே இல்லாமல் அழுதான். சாரும் அழுதார்.

அன்றைய ஜெபத்துக்கு யாரும் ஆமென் சொல்லவில்லை. மறந்துபோனார்கள்.

சாப்பிட்டு முடித்தபின், எபி பெட்டியைத் திறந்து அம்மா கொடுத்த ஊறுகாய் பாட்டிலுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை பஸ்ஸில் அவன் போகத்தான் போகிறான். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்டதற்கு, கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.

சார் உபதேசியாரை வழியனுப்ப வாசல்வரை வந்தார்.

"வே, உமக்கு இது முன்னாலயே தெரியுமா?"

"தெரியும் சார். அன்னைக்கு அவன் வெளிய நிக்கும்போது நானும் மணிக்கயிறுகிட்ட நின்னேன். என்ட்டதான் சொன்னான்."

"தெரிஞ்சிருந்துமா வாயத் தொறக்காம இருந்தீரு? இத்தன மாசம் நான் தவிச்ச தவிப்பு உமக்குத் தெரியாதா?"

உபதேசியார் குனிந்து செருப்பைத் தேடினார்.

"சரி, நீருதான் சொல்லல" என்றார் சார். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற குரல். "ஆண்டவர்ட்ட ஒரு நாள் விடாமக் கேட்டேனே. அழுது கேட்டேனே. அவராவது எனக்கு ஒரு வார்த்த காட்டிக் குடுத்திருக்கக் கூடாதா?"

உபதேசியார் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அவரு கோள் சொல்ல மாட்டாரு சார்."